முழங்கை வலிக்கு மெல்லிய மின்துடிப்பு

முழங்கையின் வெளிப்பக்கத்தில் தொட்டால் தட்டுப்படும் எலும்பு முனையில்தான் மணிக்கட்டை நிமிர்த்தும் தசைகளின் தசைநாண் வந்து பற்றுகிறது. அங்கே வரும் வலிக்கு ‘டென்னிஸ் எல்போ’ என்று பெயர். 1880களில் இங்கிலாந்தின் புல்தரை ஆட்டக்காரர்களை வைத்து ஏற்பட்ட பெயர் அது. ஆனால் இந்த வலியால் அவதிப்படுவோரில் பெரும்பாலோர் டென்னிஸ் ஆடாதவர்களே. துணி பிழிவது, ஸ்க்ரூடிரைவர் திருகுவது, சுவருக்கு பெயின்ட் அடிப்பது என்று மணிக்கட்டுக்கு ஓயாமல் வேலை கொடுக்கும் எதுவும் இதைக் கொண்டுவரும். முப்பத்தைந்து வயதுக்கு மேல் ஐம்பத்தைந்துக்குள் அதிகம் காணப்படுகிறது. முற்றியவர்களுக்கு ஒரு டம்ளரைப் பிடித்துத் தூக்குவதே வேதனை.

இதை அழற்சி என்றே மருத்துவர்கள் நெடுங்காலம் கருதினர். அறுவை சிகிச்சையில் எடுத்த தசைநாணை நுண்ணோக்கியில் பார்த்தபோது அழற்சி செல்கள் மிகக் குறைவாகவே இருந்தன. ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்க வேண்டிய கொலாஜன் இழைகள் குலைந்து, புதிய ரத்தக்குழாய்கள் ஊடுருவியிருந்தன. அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு ஊசி சில வாரங்கள் சுகம் தந்தாலும், ஓராண்டு கழித்துப் பார்த்தால் அதைப் போட்டுக்கொண்டவர்களின் நிலை போடாதவர்களைவிட மோசமாக இருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. மருந்தோ ஊசியோ இல்லாமல் வலியைத் தணிக்கும் வழிகளில் ஒன்றாகப் பிசியோதெரபிஸ்டுகள் பயன்படுத்துவதுதான் டென்ஸ் கருவி.

உள்ளங்கையில் அடங்கும் பேட்டரிப் பெட்டி, இரண்டு வயர்கள், அவற்றின் நுனியில் பசையுள்ள ஒட்டுப்பட்டைகள், கருவி இவ்வளவுதான். பட்டைகளை வலிக்கும் இடத்தை ஒட்டியும் முன்கைத் தசையின் மேலும் ஒட்டுவார்கள். தோலைத் துளைக்காமலே மின்துடிப்பு உள்ளே செல்கிறது. ஒரு துடிப்பின் நீளம் பொதுவாக 50 முதல் 250 மைக்ரோ விநாடி. விநாடிக்கு 100 துடிப்பு அளவில் வைத்தால் தோலில் குறுகுறுப்பு தெரியும். அது வலுவாக இருக்கலாம், வலிக்கக் கூடாது.

இதன் அடிப்படை, 1965இல் ரொனால்ட் மெல்சாக்கும் பாட்ரிக் வாலும் வெளியிட்ட வாயில் கோட்பாடு. தொடுகையைக் கொண்டுசெல்லும் நரம்பிழைகள் தடித்தவை; வலியைக் கொண்டுசெல்பவை மெல்லியவை. இரண்டும் தண்டுவடத்தில் சந்திக்கின்றன. தடித்த இழைகளில் செய்தி மிகுந்தால், அங்குள்ள இடைநரம்பணுக்கள் வலிச் செய்தி மேலே போவதை மட்டுப்படுத்துகின்றன. அடிபட்ட இடத்தைத் தேய்த்துவிட்டால் வலி குறைவதும் இதனால்தான். தடித்த இழைகள் குறைந்த மின்சாரத்திலேயே தூண்டப்படும் என்பதால், வலி இழைகளை எழுப்பாமல் அவற்றை மட்டும் இயக்க முடிகிறது. வாலும் வில்லியம் ஸ்வீட்டும் நோயாளிகளிடம் சோதிக்கும் முன், தங்கள் முகத்து நரம்பிலேயே மின்முனை செலுத்திப் பார்த்தனர்; 1967இல் முடிவுகளை வெளியிட்டனர்.

துடிப்பை விநாடிக்கு நான்குக்கும் கீழே இறக்கி, தசை துள்ளும் அளவுக்கு வலிமையைக் கூட்டும் முறையும் உண்டு. இதில் உடல் தானே சுரக்கும் ஓபியாய்டு வேதிப்பொருள்களின் பங்கு பெரிது.

இங்கே மிகைப்படுத்தாமல் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. பிரிட்டனில் டென்னிஸ் எல்போ உள்ள 241 பேரை இரு பிரிவாக்கி நடத்திய ஆய்வு 2013இல் வெளியானது. எல்லோருக்கும் ஆலோசனையும் உடற்பயிற்சியும் தரப்பட்டன. ஒரு பிரிவுக்கு மட்டும் கூடுதலாக டென்ஸ். ஆறு வாரத்தில் இரு பிரிவினரும் தேறினர். டென்ஸால் கூடுதல் பலன் தெரியவில்லை. கருவி பெற்றவர்களில் பலர் சொன்னபடி அதைப் பயன்படுத்தவில்லை என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். எப்படியானாலும், இது வலியைத் தணிக்கும் கருவி. குலைந்த இழைகளைச் சீராக்குவதில்லை. தசைநாணை வலுப்படுத்துவது படிப்படியாகக் கூட்டப்படும் பளுதான்: சிறு எடையைப் பிடித்து மணிக்கட்டை மெல்லக் கீழிறக்கும் பயிற்சி, மாதக்கணக்கில். வலிக்குப் பயந்து பயிற்சியைத் தவிர்ப்பவருக்கு அதைத் தொடங்கும் துணிவைத் தருமானால், டென்ஸுக்கு ஓர் இடம் உண்டு. பெரும்பாலோருக்கு ஓராண்டுக்குள் வலி தணிந்துவிடுகிறது.

பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் மருத்துவரைக் கேட்காமல் டென்ஸ் கருவியைத் தொடக் கூடாது. வலிப்பு நோயாளிகளும் கர்ப்பிணிகளும் முன்கூட்டியே ஆலோசனை பெற வேண்டும். கழுத்தின் முன்பக்கம், புண், மரத்துப்போன தோல் ஆகியவற்றின் மேல் பட்டையை ஒட்டலாகாது. குளிக்கும்போதும் வண்டி ஓட்டும்போதும் கருவியை இயக்கக் கூடாது. கழுத்துப் பகுதி முதுகெலும்பில் நரம்பு அழுந்தினாலும் முழங்கையில் வலி தெரியலாம். விரல்கள் மரத்துப்போனாலோ கை வலுவிழந்தாலோ கருவியை வாங்கும் முன் காரணத்தைக் கண்டறிய வேண்டும்.