கொம்பனி தந்த கைத்தொலைபேசியும் இடையில் நிற்கும் கணினியும்

அண்மையில் எம்மவர் ஒருவர் எமது அலுவலகத்துக்கு வந்திருந்தார். பண்டகசாலை ஒன்றில் இரவு வேலை செய்பவர். அகதி அந்தஸ்துக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டு, மேன்முறையீட்டின் முடிவுக்காகக் காத்திருப்பவர். பொதிகளின் இலக்கங்களைப் பதிவதற்கும் மேலாளரின் கட்டளைகளைப் பெறுவதற்குமென வேலைத்தலத்தில் அவருக்கு ஒரு கைத்தொலைபேசி கொடுத்திருந்தார்கள். ஓய்வு வேளைகளில் அதே கருவியில் மேன்முறையீடு பற்றியும், சட்டத்தரணிகள் பற்றியும், தடுப்புக்காவலில் பட்ட காயங்களுக்கான வைத்தியம் பற்றியும் அவர் தேடிப் படித்து வந்தார். ஒருநாள் மேலாளர் அவரை அழைத்து, அவர் பார்த்த இணையத்தளங்களின் பட்டியலொன்றை மேசைமீது வைத்து விளக்கம் கேட்டார்.

"இவர்களுக்கு இது எப்படித் தெரிந்தது? குடிவரவுத் திணைக்களத்துக்கும் போயிருக்குமா?" என்பவையே அவர் எம்மிடம் கேட்ட இரு கேள்விகள். இவை அவர் ஒருவருக்கு மட்டும் உரியவை அல்ல என்பதால் சற்று விரிவாகவே விடை கூற முற்படுகிறோம்.

இடையில் நிற்பது எது?

நாம் எமது சொந்தத் தொலைபேசியில் ஓர் இணையத்தளத்தைத் திறக்கும்போது, தொலைபேசி அத்தளத்தின் கணினியை நேரே நாடுகிறது. கொம்பனியின் தொலைபேசியோ பல இடங்களில் அவ்வாறு செய்வதில்லை. அது முதலில் கொம்பனி நிறுத்தி வைத்திருக்கும் ஒரு கணினியை நாடி, இன்ன தளம் வேண்டுமென்று கேட்கிறது. அக்கணினி தளத்துடன் தொடர்புகொண்டு, பெற்றதைத் தொலைபேசிக்குக் கையளிக்கிறது. இந்த இடைக்கணினிக்கே புறொக்சி சேர்வர் என்று பெயர். யார், எப்போது, எங்கே சென்றார், எவ்வளவு தரவு பெற்றார் என்பவற்றை அது பதிவேட்டில் குறித்து வைக்கக் கூடியது. தடை செய்யப்பட்ட தளமாயின் வாசலிலேயே மறித்தும் விடும்.

இது வேவு பார்ப்பதற்கெனப் பிறந்த கருவியன்று. 1994 மே மாதம் ஜெனீவாவின் சேர்ண் ஆய்வுகூடத்தில் நடந்த முதலாவது உலகளாவிய வலை மாநாட்டில், ஆரி லுவோட்டனன், கெவின் அல்ற்றிஸ் ஆகிய இருவரும் புறொக்சி பற்றிய கட்டுரையொன்றைச் சமர்ப்பித்தனர். பாதுகாப்பு அரணுக்குள் இருக்கும் கணினிகளுக்கு வெளியுலகத்துடன் தொடர்பு ஏற்படுத்துவதும், பலரும் கேட்கும் பக்கங்களைச் சேமித்து வைத்து விரைவாகக் கொடுப்பதுமே அன்றைய நோக்கங்கள். இன்று கொம்பனிகள் கூறும் காரணங்களும் பெரும்பாலும் நியாயமானவையே. நச்சு நிரல்களையும் மோசடித் தளங்களையும் தடுத்தல், வாடிக்கையாளர் விபரங்கள் வெளியே கசியாது காத்தல், தரவுச் செலவைக் கட்டுப்படுத்தல் என்பன அவை. ஆயினும் காவலுக்கு நிற்பவன் வருவோர் போவோரை எல்லாம் காண்பான் என்பதை மறக்கலாகாது.

தொலைபேசிக்குள் இது புகுந்த வழி

முன்னர் பிளக்பெரி தொலைபேசிகள் அலுவலகங்களில் கோலோச்சிய காலத்தில், அவற்றின் இணைய உலாவலைக் கொம்பனியின் சொந்தச் சேர்வர் ஊடாகவே அனுப்பும் ஏற்பாடு இருந்தது. அப்பழைய கருவிகளுக்கான சேவைகள் 2022 ஜனவரி 4 ஆம் திகதியுடன் நிறுத்தப்பட்டன. ஆனால் அந்த ஏற்பாட்டின் கருத்து மறையவில்லை. 2012 இல் வெளியான ஆறாவது பதிப்பு இயங்குதளத்திலிருந்து, கொம்பனியின் முழு மேற்பார்வையில் உள்ள ஐபோன்களின் உலாவல் முழுவதையும் ஒரே புறொக்சி ஊடாகச் செலுத்த முடிகிறது. அன்ட்ரொயிட் தொலைபேசிகளுக்கும் இத்தகைய நிர்வாக முறைகள் உண்டு.

இங்கு ஒரு வேறுபாட்டை வாசகர்கள் கவனிக்க வேண்டும். சில இடங்களில் புறொக்சி, வேலைத்தலத்தின் வைபை இணைப்புக்கு மட்டும் பொருத்தப்பட்டிருக்கும். அப்படியாயின் வெளியே வந்து சிம் அட்டையின் இணைப்பில் உலாவும்போது அது இடையில் நிற்காது. வேறு சில இடங்களில் தொலைபேசி முழுவதுக்கும் புறொக்சியோ, எப்போதும் இயங்கும் வி.பி.என் பாதையோ பொருத்தப்பட்டிருக்கும். அப்போது பேருந்தில் இருந்தாலென்ன, வீட்டில் இருந்தாலென்ன, கேட்பவை யாவும் கொம்பனியின் வாசலைக் கடந்தே செல்லும். தந்தையின் வேலைத் தொலைபேசியைப் பிள்ளைகள் விளையாட எடுத்தால், அவர்கள் பார்ப்பவையும் தந்தையின் கணக்கிலேயே எழுதப்படும்.

எவ்வளவு தெரியும்?

எமது ஊர்த் தபாற்கந்தோரை ஒருகணம் நினைத்துப் பார்ப்போம். தபாலட்டையில் எழுதியதைத் தபால் அதிபர் முதல் தபாற்காரர் வரை எவரும் வாசிக்கலாம். ஒட்டிய கடிதமாயின் உறையின் மேலுள்ள முகவரியை மட்டுமே காணலாம்.

பூட்டுக் குறியில்லாத பழைய பாணி இணையத்தளங்கள் தபாலட்டை போன்றவை. அவற்றில் நாம் வாசிப்பதும் எழுதுவதும் புறொக்சிக்கு அப்படியே தெரியும். இன்று பெரும்பாலான தளங்கள் எச்.ரி.ரி.பி.எஸ் என்ற மறைகுறி முறையைப் பயன்படுத்துகின்றன. இவை ஒட்டிய கடிதங்கள். தளத்தின் பெயர், நேரம், தரவின் அளவு ஆகியவற்றைப் புறொக்சி அறியும். தளத்தினுள்ளே எந்தப் பக்கத்தைத் திறந்தோம், என்ன எழுதினோம் என்பதை அறியாது. எம்மிடம் வந்த அன்பருக்குக் காட்டப்பட்ட பட்டியலிலும் தளங்களின் பெயர்களும் நேரங்களுமே இருந்தன.

ஆனால் மூன்றாவது நிலையொன்றும் உண்டு. கொம்பனி தனது சொந்த மூலச் சான்றிதழைத் தொலைபேசியில் முன்கூட்டியே பதித்துவிட்டால், புறொக்சி ஒவ்வொரு கடிதத்தையும் பிரித்துப் படித்து, மீண்டும் ஒட்டித் தன் முத்திரையைக் குத்தி அனுப்பலாம். அந்த முத்திரையை நம்பும்படி தொலைபேசிக்கு ஏற்கனவே கட்டளை இடப்பட்டிருப்பதால் எச்சரிக்கை எதுவும் எழாது. பூட்டுக் குறியும் வழமைபோலவே தோன்றும். வங்கிச் செயலிகள் சில இந்த மாற்று முத்திரையை ஏற்க மறுத்து இயங்காது நிற்பதுண்டு. வங்கி, வைத்தியம் சார்ந்த தளங்களைப் பிரிக்காமல் விடும் கொம்பனிகளும் உண்டு. அது அவர்களின் தீர்மானமே. எமது கையில் இல்லை. உலாவியின் மறைவு நிலையும் இங்கு உதவாது. அது தொலைபேசியில் வரலாற்றைச் சேமிக்காது விடுமேயன்றிப் புறொக்சியின் கண்ணை மூடாது.

சட்டம் கூறுவது

புக்காரெஸ்ற் நகரில் தனியார் கொம்பனி ஒன்றில் பணியாற்றிய பர்புலெஸ்கு என்ற பொறியியலாளர், வேலைக்கெனத் திறந்த செய்திக் கணக்கில் தமது சகோதரனுடனும் வருங்கால மனைவியுடனும் உரையாடினார் என்பதற்காக 2007 இல் வேலை நீக்கம் செய்யப்பட்டார். அவருடைய உரையாடல்கள் 45 பக்கங்களில் எழுத்தாக்கப்பட்டு அவர்முன் வைக்கப்பட்டன. ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 2016 இல் அவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. எனினும் அந்நீதிமன்றத்தின் பேராயம் 2017 செப்டெம்பர் 5 ஆம் திகதி, 11 இற்கு 6 என்ற பெரும்பான்மையால், அவரது தனிவாழ்வுக்கான உரிமை பாதுகாக்கப்படவில்லை எனத் தீர்த்தது. கண்காணிப்பு முற்றாகத் தடை செய்யப்படவில்லை. ஆனால் அது நிகழும் என்பதும் எவ்வளவு தூரம் நிகழும் என்பதும் ஊழியருக்கு முன்கூட்டியே தெரிவிக்கப்பட்டதா, அதற்குத் தக்க காரணம் இருந்ததா, அதைவிட மென்மையான வழி இருக்கவில்லையா என்பன ஆராயப்பட வேண்டுமென்று பேராயம் வகுத்தது.

2018 மே 25 முதல் நடைமுறையிலுள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தம்மைப்பற்றிக் கொம்பனி வைத்திருக்கும் பதிவுகளின் பிரதியை ஊழியர் கேட்கலாம். பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் வரவேண்டும். கேட்பவரின் தேசிய இனம் அதற்குத் தடையாகாது. ஜேர்மனியில், ஊழியர் சபை உள்ள இடங்களில், ஊழியரைக் கண்காணிக்கத்தக்க தொழில்நுட்பக் கருவிகளைப் புகுத்துவதற்கு அச்சபையின் இணக்கம் தேவை. சுவிற்சர்லாந்தில் 1993 ஆம் ஆண்டின் தொழிற்சட்ட ஒழுங்குவிதி, ஊழியரின் நடத்தையைக் கண்காணிப்பதற்கென்றே அமைந்த ஏற்பாடுகளைத் தடுக்கிறது. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், 25 பேருக்குக் குறையாது பணியாற்றும் நிறுவனங்கள் தமது மின்னணுக் கண்காணிப்பு பற்றி எழுத்தில் அறிவிக்க வேண்டுமென 2022 இல் விதிக்கப்பட்டது.

அன்பரின் இரண்டாவது கேள்விக்கு விடை இதுவே: புறொக்சியின் பதிவேடு கொம்பனியின் கையில் உள்ளது. அது தானாகவே குடிவரவுத் திணைக்களத்தைச் சென்றடையும் ஏற்பாடல்ல. சட்டபூர்வமான கட்டளை வந்தால் கொம்பனி அதைக் கையளிக்க நேரலாம். கடிதங்கள் பிரிக்கப்பட்ட நாட்டிலிருந்து வந்த எமக்கு, எல்லாக் கண்களும் ஒரே கண்ணாகத் தோன்றுவது இயல்பு. ஆனால் அச்சத்தினால் மேன்முறையீட்டைக் கைவிடுவதோ, சட்டத்தரணியை நாடாதிருப்பதோ பெருந்தவறாகும்.

செய்யத்தக்கவை

கொம்பனியின் தொலைபேசியில் கொம்பனியின் வேலையை மட்டும் செய்வோம். வழக்கு, வைத்தியம், வங்கி, தாயகத்து உறவுகள் ஆகியவற்றுக்கு, பழையதாயினும், எமக்கெனச் சொந்தமான ஒரு தொலைபேசியை வைத்திருப்போம். அதையும் வேலைத்தலத்து வைபையில் இணையாதிருப்பது நன்று. ஐபோனாயின், அமைப்புப் பக்கத்தின் மேலே மேற்பார்வை பற்றிய அறிவிப்பு உண்டா என்றும், பொது என்ற பகுதியில் வி.பி.என், கருவி நிர்வாகம் என்பவற்றின்கீழ் என்ன உள்ளதென்றும் பாருங்கள். சொந்தத் தொலைபேசியிலேயே வேலைச் செயலியைப் பதிக்கக் கேட்டால், அது முழுக் கருவியையும் நிர்வகிக்குமா என்று முதலில் வினவுங்கள். அன்ட்ரொயிட்டில் பைக் குறியுடன் தோன்றும் தனி வேலைப் பகுதி, சொந்தப் பகுதியின் உலாவலைக் கொம்பனிக்குக் காட்டுவதில்லை. புறொக்சியைச் சுற்றிச் செல்லக் கொம்பனியின் தொலைபேசியில் வேறு வி.பி.என் பதிக்க வேண்டாம். வேலை இழப்பதற்கு அதுவே காரணமாகலாம்.

வேலையில் சேரும்போது தரப்படும் தாள்களில் நாம் படியாமல் ஒப்பமிடும் தாளொன்று உண்டு. தொலைபேசிப் பாவனை விதிகள் அதிலேயே இருக்கும். மொழி விளங்காவிடின் பிரதி கேட்டு வாங்கி, விளங்கியவரிடம் காட்டுங்கள். எம்மிடம் வந்த அன்பரும் தமது தாளைத் தேடி எடுத்து, மறுவாரம் தமது சட்டத்தரணியிடம் கொண்டு சென்றார். அவரை அழைத்தது அவரது சொந்தத் தொலைபேசியிலிருந்து.