கூகுளிடம் கடைசியில் கேட்கலாம்

பள்ளிக்கூடத்தில் மேப் என்றால் பெரும்பாலும் மேப் மார்க்கிங்தான். கடையில் வாங்கிய இந்திய அவுட்லைன் மேப்பில் கங்கையை நீலமாக இழுத்து, தக்காணப் பீடபூமிக்குப் பழுப்பு தீட்டி, பரீட்சைக்கு முந்தைய இரவு ஒரு தடவை பார்த்துக்கொண்டால் மார்க் கிடைத்துவிடும். சமூக அறிவியலில் நூற்றுக்கு நூறு வாங்கிய பிள்ளையிடம் ஒரு மேப்பைக் கொடுத்துப் பக்கத்து ஊருக்கு நடந்து போகச் சொன்னால் திகைத்துத்தான் நிற்கும்.

வீட்டிலேயே படிக்கும் பதின்வயதுப் பிள்ளைகளுக்கு இந்த விஷயத்தில் ஒரு வசதி உண்டு. நம் நாட்டில் ஹோம்ஸ்கூலிங் பிள்ளைகள் பலர் என்.ஐ.ஓ.எஸ். எனப்படும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாவதும் பன்னிரண்டாவதும் எழுதுகிறார்கள். பரீட்சை இருக்கிறது, பீரியடும் மணியும் இல்லை. மேப் படிக்கப் பழக அரைநாள் வெளியே சுற்ற வேண்டும். அந்த அரைநாள் இவர்கள் கையில் இருக்கிறது.

முதலில் சரியான மேப் வேண்டும். சர்வே ஆஃப் இந்தியா வெளியிடும் டோப்போ ஷீட்தான் அதற்குத் தோது. 1:50,000 அளவை, அதாவது தாளில் 2 செ.மீ. என்றால் தரையில் 1 கி.மீ. ஒரு தாளில் ஏறக்குறைய 27 கி.மீ.க்கு 27 கி.மீ. நிலம் அடங்கும். துறையின் இணையதளத்தில் பதிவு செய்துகொண்டு இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். பிரின்ட் எடுக்கும்போது மட்டும் கவனம்: கடைக்காரர் தாளுக்குள் அடங்கட்டும் என்று சுருக்கிவிட்டால் 2 செ.மீ. கணக்கு பொய்த்துப்போகும். மேப்பின் அடியில் அச்சிட்டிருக்கும் அளவுகோலும் கூடவே சுருங்குவதால், அதை வைத்து அளந்தால் தப்பில்லை. வளைந்து போகிற வண்டிப்பாதையை அளக்க ஒரு நூல் போதும். பாதையின் மேல் நெளிய விட்டு, பிறகு நீட்டிப் பிடித்து அளவுகோலில் வைக்க வேண்டியதுதான்.

சமவெளி ஊர்க்காரர்களுக்கு முதல் பாடம் ஏரி. டோப்போ ஷீட்டில் தண்ணீர் நிற்கும் ஏரி நீலமாக இருக்கும்; வறண்டு கிடப்பது வெறும் கறுப்புக் கோட்டால் வளைக்கப்பட்டிருக்கும். கரையோரம் 4 என்ற எண்ணும் அதை ஒட்டி ஆங்கில ‘ஆர்’ எழுத்தும் தெரிந்தால், சுற்றியுள்ள தரையைவிடக் கரை 4 மீட்டர் உயரம் என்று பொருள். கரையடியில் நின்று இதைச் சரிபார்ப்பதைவிட நல்ல செய்முறைப் பாடம் வேறு என்ன இருக்கிறது? சில ஊர்களில் மேப்பில் ஏரி இருக்கும், நேரில் மனைப்பிரிவு இருக்கும். அப்போது பிள்ளை தாளின் ஓரத்தில் சர்வே எடுத்த ஆண்டைத் தேடிப் பார்க்க வேண்டும். மேப்புக்கும் வயதாகும் என்பது அங்கே புரிந்துவிடும். ஏரி எங்கே போயிற்று என்ற கேள்விக்குப் பதில் சொல்வது பெற்றோர் பாடு.

மலைப்பக்கம் போனால் பாடம் மாறும். பழுப்பு நிறச் சம உயரக் கோடுகள் இந்த ஷீட்டில் வழக்கமாக 20 மீட்டருக்கு ஒன்று. நெருங்கி இருந்தால் செங்குத்து, விலகி இருந்தால் சரிவு குறைவு. கொல்லிமலைச் சாலைக்கு ஏன் 70 கொண்டை ஊசி வளைவுகள் என்று விளக்க இந்தக் கோடுகள் போதும். சாலை கோடுகளை நேராக வெட்டிக்கொண்டு ஏறினால் எந்த பஸ்ஸும் ஏறாது. அதனால்தான் கோடுகளுக்குப் பக்கவாட்டிலேயே ஓடித் திரும்பித் திரும்பி மேலே போகிறது. நடக்கும் நேரத்தையும் கணக்குப் போடலாம். நேய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892இல் சொன்ன விதி இது: 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். 4 கி.மீ. பாதையில் 600 மீட்டர் ஏற்றம் என்றால் 48 நிமிடமும் ஒரு மணியும். நம் சித்திரை வெயிலுக்கு இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

காம்பஸ் அடுத்தது. தமிழ்நாட்டில் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் வித்தியாசம் ஒன்றிரண்டு டிகிரிதான். தொடக்கத்தில் அதை மறந்துவிடலாம். பைக்கின் மேல் வைத்துப் பார்ப்பதை மறக்கவே கூடாது; இரும்பு முள்ளை இழுத்துவிடும். தெரிந்த கோபுரம் ஒன்று 320 டிகிரியில் தெரிகிறதென்றால், அதில் 180ஐக் கழித்து, மேப்பில் அந்தக் கோயிலிலிருந்து 140 டிகிரிக்கு ஒரு கோடு இழுக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டியோ தேவாலயமோ இன்னொன்றைப் பார்த்து இரண்டாவது கோடு. இரண்டும் வெட்டும் இடத்தில்தான் பிள்ளை நிற்கிறது.

கோபுரத்தை இப்படிப் பயன்படுத்துவது புதிதல்ல. 1802இல் சென்னை பரங்கிமலை அருகே சுமார் 12 கி.மீ. நீள அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்து தென்னிந்திய நில அளவையைத் தொடங்கிய வில்லியம் லாம்ப்டனுக்கு, குன்றே இல்லாத காவிரிப் படுகையில் கோயில் கோபுரங்கள்தான் கைகொடுத்தன. 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் அரை டன் எடையுள்ள, கோணம் அளக்கும் தியோடலைட்டை ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி வளைந்தது. லாம்ப்டன் ஆறு வாரம் கூடாரத்துக்குள் அடைந்துகிடந்து, தட்டித் தட்டி அதை நிமிர்த்தினார். வரலாற்றுப் பாடத்துக்கும் புவியியல் பாடத்துக்கும் தனித்தனி நோட்டு வேண்டாம் என்று சொல்ல இந்த ஒரு கதை போதும்.

அப்படியானால் போனைப் பிடுங்கி வைத்துவிடலாமா? தேவையில்லை. தடை போட்டால் மேப்பே தண்டனையாகிவிடும். பிள்ளை தான் நிற்கும் இடத்தைப் பென்சிலால் குறிக்கட்டும். அதன் பிறகு போனைத் திறந்து ஒப்பிடட்டும். எத்தனை மீட்டர் தள்ளிப்போயிருக்கிறது என்று பிள்ளையே பார்த்துக்கொள்ளும். கணக்குப் புத்தகத்தின் கடைசியில் இருக்கும் விடைப் பக்கம் மாதிரி போன் இருந்தால் சரி.

காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி கட்டாயம். 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேற்றக்காரர்கள் இறந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 40 பாதைகள் வழிகாட்டிகளோடு திறக்கப்பட்டன. மலைக்குப் போவதானால் அந்த வழியாகப் போகலாம். தொடங்குவதற்கு மலை வேண்டாம். உங்கள் ஊர் ஷீட்டை இறக்கி, இந்த ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரை வரை பிள்ளையை முன்னே நடக்க விடுங்கள்.