அடம்பிடிக்கும் கணினி – 9: நாலு கடையில் இல்லையென்றால் ஊரிலேயே இல்லையா?

ஈமாக்ஸ் என்ற எழுத்துத் தொகுப்பானை 1976இல் எம்.ஐ.டி.யில் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன், 2001 ஜூலையில் திருவனந்தபுரத்துக்கு வந்தார். இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையை இங்கேதான் தொடங்கிவைத்தார். பிறகு கேரளத்துப் பள்ளிக்கூடங்களே லினக்ஸுக்கு மாறின. இவ்வூர் வலியசாலை அக்ரகாரத்து வீடொன்றில் யாராவது ஈமாக்ஸில் நிரல் எழுதிக்கொண்டிருந்தால் அதில் வியக்க ஒன்றுமில்லை.

அப்படி எழுதுகிறவர் மேக் வைத்திருந்தால் ஒரு தலைவலி நிச்சயம். ஹோம்ப்ரூ என்ற நிறுவல் கருவி மூலம் ஆஸ்பெல் என்ற பிழைதிருத்தியை நிறுவுவார். டெர்மினலில் பெயரைத் தட்டினால் ஓடும். திரையின் அடியில் இருக்கும் ஐகானை அழுத்தி ஈமாக்ஸைத் திறந்து பிழை பார்க்கச் சொன்னாலோ, அப்படி ஒரு கோப்பே இல்லை என்று வரும். அழித்துவிட்டு மறுபடி நிறுவுவார். அதே பதில்தான்.

ஆஸ்பெல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை.

எந்தெந்த அடைவுகளில் நிரலைத் தேடுவது என்பதற்கு 'பாத்' என்றொரு பட்டியல் உண்டு. 1979இன் யுனிக்ஸ் ஏழாம் பதிப்பு முதல் இருந்துவரும் ஏற்பாடு. டெர்மினல் திறக்கும்போது, நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல் தன் அமைப்புக் கோப்புகளைப் படித்து, ஹோம்ப்ரூவின் அடைவையும் அதில் சேர்த்துக்கொள்ளும். ஐகானிலிருந்து கிளம்பும் நிரல் ஷெல் பக்கமே போவதில்லை. மேக் அதன் கையில் கொடுப்பது நாலே அடைவுகள். சாலை பஜாருக்கு நாலு கடை விலாசத்தோடு அனுப்பிய பையன், ஐந்தாவது கடையில் இருக்கும் சாமானை ஊரிலேயே இல்லை என்று வந்து சொல்வது மாதிரி. பையனைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் எங்கெல்லாம் தேடினேன் என்று ஒரு வரி சேர்த்துச் சொல்லியிருக்கலாமே! பாதிப் பேரை மறுநிறுவலுக்கு விரட்டுவது அந்த அரைகுறைச் செய்திதான்.

ஈமாக்ஸில் இன்னொரு சிக்கலும் உண்டு. தான் நேரடியாக அழைக்கும் நிரல்களை அது 'எக்ஸெக்-பாத்' என்ற தன் சொந்தப் பட்டியலில் தேடும். ஷெல் வழியாக ஓட்டுகிற கட்டளைகளுக்கோ பழைய 'பாத்'தான். முதலாவதை மட்டும் திருத்தினால் பிழைதிருத்தி வேலை செய்யும். கம்பைல் கட்டளை மட்டும் முரண்டு பிடிக்கும். இரண்டையும் திருத்தியாக வேண்டும். கையால் செய்யச் சலிப்பவர்களுக்கு ஸ்டீவ் பர்செல் எழுதிய 'எக்ஸெக்-பாத்-ஃப்ரம்-ஷெல்' என்ற பொதி இருக்கிறது. அது ஷெல்லை ஒருமுறை ஓட்டி, அதன் பட்டியலை வாங்கி இரண்டு இடத்திலும் போட்டுவிடும்.

பழைய புத்தகங்களைப் பார்த்துச் செய்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அவை பாஷ் என்ற ஷெல்லின் கோப்பைத் திருத்தச் சொல்லும். 2019இல் கேட்டலினா வந்ததிலிருந்து மேக்கின் இயல்பு ஷெல் ஸீ-ஷெல் (zsh). பாஷ் கோப்பில் எழுதியதை அது கண்டுகொள்ளாது.

எதையும் அழிப்பதற்கு முன் ஈமாக்ஸிடமே 'எக்ஸிக்யூட்டபிள்-ஃபைண்ட்' கொண்டு நிரலின் பெயரைக் கேட்டுப் பாருங்கள். 'நில்' (nil), அதாவது இல்லை என்று வந்தால், திருத்த வேண்டியது பெரும்பாலும் பட்டியலைத்தான்.