இரையும் இடரும்: எலியின் நடுமூளை செய்யும் தீர்ப்பு

எலியின் பக்கத்தில் ஒரு தானியமணி விழுந்தால், அது உடனே தலையைத் திருப்பி, மீசைமயிர்களை நீட்டி மோப்பம் பிடிக்கும். அதே எலியின் தலைக்கு மேல் பருந்தின் நிழல் படர்ந்தாலோ, வளையை நோக்கி ஓடும். அல்லது அசையாது நிற்கும். இவ்விரண்டும் இடம் மாறினால் ஒன்றில் பட்டினி, மற்றொன்றில் மரணம். இத்தீர்ப்பில் பெரும்பங்கு கொள்வது நடுமூளையாகும்.

நடுமூளையின் கூரையில் நான்கு சிறு மேடுகள் உண்டு. அவற்றுள் மேலிரண்டையும் மேற்குன்றுகள் எனலாம். எலியினத்தில் விழித்திரையினின்று புறப்படும் நரம்பிழைகளுள் பெரும்பாலானவை இங்கு வந்து சேர்கின்றன. மேலடுக்குகளில் பார்வைப்புலம் தேசப்படம்போல் பதிந்துள்ளது. கீழடுக்குகளில் செவிப்புலனும் மீசைமயிர்களின் தொடுபுலனும் அப்படத்துடன் இசைந்து அமைந்துள்ளன. வானத்தைக் காணும் பகுதி நடுக்கோட்டை ஒட்டியும், தரையைக் காணும் பகுதி ஓரத்திலும் இருப்பது கவனிக்கத்தக்கது.

1969-இல் அமெரிக்க விஞ்ஞானி ஜெரால்ட் ஷ்னைடர், ஹாம்ஸ்டர் என்னும் கொறிணிகளில் இம்மேடுகளைச் சேதப்படுத்திப் பரிசோதித்தார். அவை உருவங்களைப் பிரித்தறிந்தன. ஆயினும் பக்கத்தில் நீட்டப்பட்ட விதையின்பால் தலையைத் திருப்ப இயலவில்லை. ‘இது என்ன?’ என்பதும் ‘இது எங்கே?’ என்பதும் வெவ்வேறு வினாக்கள் என்பது இதனால் புலனாயிற்று.

1980-களில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் பீட்டர் ரெட்கிரேவ், பால் டீன் முதலியோர் எலிகளின் மேற்குன்றுகளை மின்சாரத்தாலும் இரசாயனப் பொருளாலும் தூண்டினர். சில இடங்களில் தூண்டியபோது எலி எதிர்ப்பக்கம் திரும்பியது. வேறு இடங்களில் தூண்டியபோது பின்வாங்கியது அல்லது பாய்ந்தோடியது. இதன் காரணம் நரம்புப் பாதைகளில் உள்ளது. இடப்பக்க மேற்குன்று வலப்பக்கக் காட்சியை ஏற்கிறது. அதினின்று இறங்கும் ஒரு பாதை நடுக்கோட்டைக் கடந்து வலப்பக்கம் செல்கிறது. இது பொருளை நோக்கித் திரும்பச் செய்யும். மற்றொரு பாதை கடவாமல் அதே பக்கத்தில் இறங்குகிறது. இது விலகிச் செல்லத் துணை புரியும்.

2013-இல் சுண்டெலிகளின் தலைக்கு மேலே, திரையில் விரிந்து பெருகும் கருவட்டம் ஒன்று காட்டப்பட்டது. பழக்கம் ஏதுமின்றியே அவை ஓடி ஒளிந்தன அல்லது உறைந்து நின்றன. 2018-இல் லண்டனில் நடந்த ஆராய்ச்சி இதன் உட்பொறியை விளக்கியது. மேற்குன்றின் நரம்பணுக்கள் ஆபத்தின் அளவை மதிப்பிட்டு, நடுமூளையின் உட்புறச் சாம்பற்பொருளுக்குச் செய்தி அனுப்புகின்றன. இவ்விணைப்பு வலிமை குன்றியது. ஆகவே சிறு சலனங்கள் அதைக் கடப்பதில்லை. செய்திகள் திரண்டு ஓர் எல்லையை மீறினால் மட்டுமே ஓட்டம் தொடங்குகிறது. இணைப்பைத் தடுத்தபோது சுண்டெலிகள் ஓடாமல் உறைந்து நின்றன.

ஒவ்வொரு நிழலுக்கும் அஞ்சி ஓடும் எலி உண்ண முடியாது. எந்த நிழலுக்கும் அஞ்சாத எலி உயிர் வாழ முடியாது. இவ்விரண்டுக்கும் இடையே அளவறிந்து நடக்க இச்சிறு மேடுகள் உதவுகின்றன. மனிதரின் நடுமூளையிலும் இவ்வமைப்புகள் இருப்பதால், அச்சம் அளவு மீறி நோயாகும் நிலையை ஆராய்வோருக்கும் இவ்வறிவு பயன்தரவல்லது.