எல்லாத் துளசியும் ஒன்றல்ல

நெய்வேலி நகரியத்தின் குடியிருப்புகளில் வாசலில் துளசியும் வேலியோரம் கற்பூரவல்லியும் இல்லாத வீடு குறைவு. சளி, இருமல் என்றால் முதலில் கை நீள்வது அங்கேதான். 'கெமிக்கல் கலக்காத மருந்து' என்று அதற்கு ஒரு பாராட்டும் உண்டு. உண்மையில் அந்த இலைக்குள் இருப்பதே பல வேதிப்பொருள்களின் கலவை. அதுவும் செடிக்குச் செடி மாறுகிற கலவை.

தோற்றம் ஒன்று, எண்ணெய் வேறு

துளசியைக் கசக்கினால் எழும் மணம், இலை மேலுள்ள நுண்ணிய சுரப்பிகளில் சேர்ந்திருக்கும் எண்ணெயின் மணம். சில துளசிகளில் அதன் பெரும்பகுதி யூஜினால். கிராம்பு எண்ணெயிலும் அதுதான் முக்கியம். வேறு சிலவற்றில் ஒரு நொதி அந்த யூஜினாலை மெத்தில் யூஜினாலாக மாற்றிவிடுகிறது. நொதி எவ்வளவு வேலை செய்யும் என்பது பெரும்பாலும் பரம்பரையைப் பொறுத்தது. லக்னோவிலுள்ள சிமாப் ஆய்வு நிறுவனம் யூஜினால் மிகுந்த 'சிம்-ஆயு' என்ற துளசி ரகத்தைத் தேர்ந்தெடுத்து உருவாக்கியதும் இதனால்தான்.

மெத்தில் யூஜினாலை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று கருதப்படும் '2ஏ' பிரிவில் 2023-ல் சேர்த்தது சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை. அதற்காகக் கோயில் தீர்த்தத்தைக் கண்டு மிரள வேண்டியதில்லை. நாலு இலையில் இருக்கும் எண்ணெய் மிகச் சொற்பம். செறிவான துளசி எண்ணெயைத் தினமும் சொட்டுச் சொட்டாகக் குடிப்பவர்தான் யோசிக்க வேண்டும்.

பாகமும் பருவமும்

பரம்பரை மட்டுமே காரணமில்லை. பெப்பர்மிண்ட் புதினாவின் இளம் இலையில் மென்தோன் அதிகம். இலை முற்ற முற்ற அது மென்தாலாக மாறும். இலங்கைக் கறுவா மரமோ ஒன்றுக்குள் மூன்று: பட்டையில் சின்னமால்டிஹைடு, இலையில் யூஜினால், வேர்ப்பட்டையில் கற்பூரம்.

கற்பூரவல்லியிலும் கார்வக்ரால் மிகுந்தது, தைமால் மிகுந்தது என வகைகள் உண்டு. கிளை ஒடித்து நட்டே அது பரவுவதால், பக்கத்து வீட்டில் வாங்கி வைத்த செடி அதே வகையாகத்தான் இருக்கும். விதையில் முளைக்கும் துளசிக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. பறித்த இலையைக் கத்திரி வெயிலில் காயப்போட்டால் எளிதில் ஆவியாகும் கூறுகள் பறந்துவிடும். நிழலில் உலர்த்தச் சொன்ன பாட்டிமார் சொன்னது சரி.

வசம்பும் கைக்குழந்தையும்

இந்த வேறுபாடு விளையாட்டாக இல்லாமல் போகும் இடம் வசம்பு. பிள்ளை வளர்ப்பான் என்று பெயரெடுத்த இந்தக் கிழங்கைச் சுட்டு, உரைத்து, குழந்தையின் நாக்கில் தடவுவது நம் வீடுகளில் பழைய வழக்கம். இதன் எண்ணெயில் உள்ள பீட்டா-அசரோன், எலிகளில் புற்றுக்கட்டிகளை உண்டாக்கியது. 1968-ல் அமெரிக்கா வசம்பை உணவில் சேர்ப்பதைத் தடை செய்தது.

எல்லா வசம்பிலும் இது இருப்பதில்லை என்பதுதான் விசேஷம். இரண்டு தொகுதி குரோமோசோம் கொண்ட வட அமெரிக்க வசம்பில் பீட்டா-அசரோன் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. மூன்று தொகுதி உள்ள ஐரோப்பிய வகையில் குறைவு. நான்கு தொகுதி கொண்ட ஆசிய வகையில் எண்ணெயின் பெரும்பகுதியே அதுதான். நாட்டு மருந்துக் கடையில் வாங்கும் துண்டைப் பார்த்து எந்த வகை என்று யாராலும் சொல்ல முடியாது. சுடும்போது எவ்வளவு போயிற்று, உரைத்ததில் எவ்வளவு வந்தது என்பதற்கும் கணக்கில்லை. வயிற்று உப்புசத்துக்கு வேறு வழிகள் இருக்கும்போது, கைக்குழந்தைக்கு இந்தச் சோதனை தேவையில்லை.

குப்பியில் வரும் எண்ணெய்

யூகலிப்டஸ் தைலமும் கற்பூரமும் விழுங்கிய குழந்தைகளுக்கு வலிப்பு வந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. இவற்றைக் குழந்தையின் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள்; மூக்குக்குள் தடவாதீர்கள். தப்பித் தவறி விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. 108-ஐ அழைத்து, குப்பியையும் கையோடு மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள். உள்ளே என்ன இருந்தது என்று மருத்துவர் முதலில் அதைத்தான் கேட்பார்.