மாலுமியின் கைச்சின்னம்

ஸ்ரீபெரும்புதூரினின்று ஒரகடம் வழியாகச் சிங்கபெருமாள்கோயிலை நோக்கிச் செல்லும் சாலையில், வேலைமுறை மாறும் வேளையில் நின்று பார்ப்போமாயின், தொழிலாளர் பலர் கழுத்து நாடாவில் தொங்கும் அடையாள அட்டையோடு பேருந்துகளினின்று இறங்குதலைக் காணலாம். அவ்வட்டை, ‘இவர் இன்னார்’ என்று வாயிற்காவலருக்கு அறிவிக்கும். அவர் சொல்லுக்கு எத்துணைப் பேர் கட்டுப்பட்டவர் என்பதையோ அறிவிக்காது. அதனை உடையிலேயே வெளிப்படக் காட்டும் வழக்கம் படைகளுக்கு உரியது. இப்பகுதிக்கு அயலிலுள்ள அரக்கோணத்தில், 1992 மார்ச் 11 ஆம் தேதி தொடங்கப்பெற்ற ‘இராஜாளி’ என்னும் கடற்படை விமானத்தளம் இருத்தலின், மாலுமிகளின் சின்னங்களை நம்மவர் சிலரேனும் கண்டிருப்பர். அவற்றின் பொருளை ஈண்டுச் சிறிது விளக்கப் புகுகின்றோம்.

ஒற்றை நங்கூரம் அணிந்தவர் ‘லீடிங்’ மாலுமி. அவருக்கு மேற்பட்டவர் பெட்டி ஆபீஸர். தமிழ்ச் செவிக்கு இப்பெயர் பெட்டிக்குக் காவலிருப்பவரைக் குறிப்பதுபோல் ஒலிப்பினும், ‘சிறிய’ என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லினின்று வந்ததாகும். குறுக்காக வைத்த இரு நங்கூரங்களும் அவற்றின்மேல் அசோகச் சிங்கமும் அவருக்குரியன. அப்பால் சீப் பெட்டி ஆபீஸர், மாஸ்டர் சீப் இரண்டாம் வகுப்பு, முதல் வகுப்பு என மூவர் உளர். தரைப்படையின் நாயப் சுபேதார், சுபேதார், சுபேதார் மேஜர் ஆகியோருக்கு இவர்கள் முறையே ஒப்பாவர். இவருட் பெரும்பாலோர் கீழ்நிலை மாலுமியாய்ச் சேர்ந்து உழைப்பால் உயர்ந்தவர்களே.

இச்சின்னங்கள் ஆங்கிலக் கடற்படையினின்று வந்தவை. பண்டு அங்கே பெட்டி ஆபீஸரை நியமிப்பவரும் நீக்குபவரும் கப்பல் தலைவரே. கப்பலைப் பணியினின்று நிறுத்தியவுடன் அப்பதவியும் ஒழியும். 1827 இல்தான் முதல் வகுப்பினருக்குக் கிரீடத்தோடு கூடிய நங்கூரமும், இரண்டாம் வகுப்பினருக்கு வெறும் நங்கூரமும் கையில் அணிய அளிக்கப்பெற்றன. மாலுமிகளுக்குப் பொதுச் சீருடை ஏற்பட்டதோ 1857 இல். உடைக்கு முப்பதாண்டு முன்னரே சின்னம் பிறந்தது வியப்பன்றோ!

அமெரிக்கக் கடற்படையில் மற்றொரு நுட்பம் காணப்படுகின்றது. அங்கே 1967 இல், படைமுழுதுக்கும் மூத்த மாலுமியாக டெல்பர்ட் பிளாக் என்பவர் முதன்முதல் நியமிக்கப்பெற்றார். அவ்வாறே ஒவ்வொரு கப்பலின் மூத்த மாலுமிக்கும், நம் நாட்டுக் கச்சேரிச் சேவகரின் டவாலி வில்லையைப்போல, மார்பில் அணியத் தனி வில்லை ஒன்று உண்டு. கைச்சின்னம் படிநிலையைக் குறிக்கும். மார்பு வில்லையோ தாங்கிய பொறுப்பைக் குறிக்கும். மாலுமிகளின் குறைகளைக் கப்பல் தலைவரிடம் நேரே எடுத்துரைப்பது அப்பொறுப்பின் சாரம்.

அக்குறைகளைக் கேட்பாரில்லாத நிலை என்ன விளைக்கும் என்பதை நம் கடற்படை 1946 இல் கண்டது. இழிந்த உணவும் நிறம் குறித்த வசவும் பொறாமல், பிப்ரவரி 18 ஆம் தேதி பம்பாயில் ‘தல்வார்’ தளத்து மாலுமிகள் வேலைநிறுத்தம் தொடங்கினர். அது பிற தளங்களுக்கும் கப்பல்களுக்கும் பரவி, சென்னையில் ‘அடையாறு’ தளத்தையும் எட்டியது. மத்தியக் குழுவின் தலைவராகத் தெரிந்தெடுக்கப்பெற்றவர் எம். எஸ். கான்; அவர் ஒரு லீடிங் சிக்னல்காரர். துணைத்தலைவர் மதன்சிங், தந்திப் பிரிவைச் சேர்ந்த பெட்டி ஆபீஸர். மன்னரின் சின்னம் தாங்கியவர்களையே மாலுமிகள் தம் தலைவராகக் கொண்டனர் என்பது நினைக்கத்தக்கது. கிளர்ச்சி சில நாளில் அடங்கிற்று. பங்குகொண்டோர் பலர் வேலையிழந்தனர். விடுதலைக்குப் பின்னரும் அவர்களைக் கடற்படை மீளச் சேர்த்துக்கொள்ளாதது நமக்கு நியாயமாகத் தோன்றவில்லை.

1950 ஜனவரி 26 இல் குடியரசு மலர்ந்தபோது கிரீடம் நீங்கிச் சிங்கம் ஏறியது, நங்கூரம் நின்றது. 2023 டிசம்பர் 4 ஆம் தேதி சிந்துதுர்க்கத்தில், கடற்படைப் பதவிப் பெயர்கள் இந்திய மரபிற்கேற்ப மாற்றப்பெறும் என்று பிரதமர் அறிவித்தார். உழைத்து உயர்ந்த மாலுமிக்குச் ‘சிறிய’ என்னும் அடைமொழி நீங்குமாயின் நாம் வருந்தோம். நங்கூரத்தையோ விட மனமில்லை.