மலையைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள்



2025 மே 28ஆம் திகதி பிற்பகல், வலே மாநிலத்தின் லோட்சென் பள்ளத்தாக்கில் பிளாற்றன் என்ற கிராமம் மண்ணுக்கும் பனிக்கும் அடியில் போனதை எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். மேலேயிருந்த பேர்ச் பனியாறு மொத்தமாக உடைந்து விழுந்தது. ஒருவர் உயிரிழந்தார். ஆனால் ஊரிலிருந்த சுமார் 300 பேரையும் ஒன்பது நாட்களுக்கு முன்னரே வெளியேற்றியிருந்தார்கள். மலை அசைகிறது என்பதை அளந்துகொண்டிருந்தவர்கள் இருந்தபடியால்தான் அது முடிந்தது.

ஆபத்து வரும்போது அளப்பதற்கு அரசு காசு கொடுக்கும். ஆபத்து இல்லாத காலத்தில், எவரும் கேட்காத இடத்தில் அளப்பதற்கு யார் கொடுப்பது? இந்தக் கேள்விக்கு சுவிற்சர்லாந்தில் ஒரு பழைய பதில் உண்டு. 1939இல் சூரிச்சில் தொடங்கப்பட்ட ஒரு தனியார் அறக்கட்டளை அது. தமிழில் சுவிஸ் மலை ஆய்வு அறக்கட்டளை என்று சொல்லலாம். உள்ளூர் அல்ப்ஸ் மலைகளை விட்டு வெளியே, முக்கியமாக இமயமலைப் பக்கம், மலையேறிகளையும் ஆய்வாளர்களையும் அனுப்புவதற்கென்றே தொடங்கப்பட்டது.

அறக்கட்டளை என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் தமிழ்ச் சங்கங்கள் இந்த நாட்டுச் சட்டப்படி 'பெரைன்' வகை. அதற்கு உறுப்பினர் உண்டு, பொதுக்கூட்டம் உண்டு, வாக்கெடுப்பு உண்டு. 'ஸ்ரிப்ருங்' என்ற அறக்கட்டளைக்கு உறுப்பினரே இல்லை. ஒரு நோக்கத்துக்கென்று ஒதுக்கிய பணமும், அதைப் பார்த்துக்கொள்ளும் ஒரு சபையும்தான். அந்த நோக்கத்தைச் சபை நினைத்தபடி மாற்றிவிட முடியாது. அரசு மேற்பார்வை செய்யும். எங்கள் பொதுக்கூட்டங்களைக் கண்டவர்களுக்கு இதன் வசதி விளங்கும்.

இந்த அறக்கட்டளையின் பெயரை உலகம் கேட்டது 1952இல். அந்த வருடம் எவரெஸ்ற் ஏறும் அனுமதியை நேபாளம் சுவிஸ்காரருக்குக் கொடுத்தது. அறக்கட்டளையோடு ஜெனீவா நகரமும் மாநிலமும் சேர்ந்துகொண்டன. குழுவுக்குத் தலைவர் எட்வார் விஸ்-டுனான் என்ற வைத்தியர். மிக உயரத்தில் மனித உடல் தேறவே முடியாத பகுதியை இன்று 'மரண வலயம்' என்கிறோமே, அந்தக் கருத்து அவருடையது. மலையேறிகளோடு ஒரு நிலவியலாளரும் ஒரு தாவரவியலாளரும் ஒரு மானிடவியலாளரும் போனார்கள். சிகரத்துக்குப் போகிற குழுவில் செடி பார்ப்பவருக்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். அது ஆய்வுக்கென்று ஒதுக்கிய பணம். ஏறினால் மட்டும் கணக்குத் தீராது.

ஜெனீவாக்காரரான ரேமோன் லம்பேரும் ஷேர்பா டென்சிங் நோர்கேயும் மே 27 இரவை 8,400 மீற்றர் உயரத்தில், படுக்கைப் பை இல்லாமல், அடுப்பு இல்லாமல், ஒரு சிறு கூடாரத்தில் கழித்தார்கள். மெழுகுதிரிச் சுடரில் பனியை உருக்கிக் குடித்தார்கள். லம்பேருக்குக் கால்விரல்கள் இல்லை. 1938இல் அல்ப்ஸில் பனிக்கடியில் போனவை. இருவருக்கும் பொதுவான மொழியும் இல்லை. அவர்கள் கொண்டுபோன ஒட்சிசன் கருவி, இருந்து இளைப்பாறும்போது வேலை செய்யும், ஏறும்போது வேலை செய்யாது. அப்படியும் மே 28 அன்று ஏறக்குறைய 8,600 மீற்றர் வரை போய்த் திரும்பினார்கள். மிச்சம் சுமார் 250 மீற்றர்தான்.

அதே இலையுதிர்காலத்தில் மறுபடி ஒரு குழு போனது. லோட்சே சரிவில் பனிக்கட்டி விழுந்து மிங்மா டோர்ஜே என்ற ஷேர்பா இறந்தார். குளிரும் காற்றும் மற்றவர்களைத் திருப்பி அனுப்பின. இந்தக் கதையைச் சொல்லும் பலர் அவர் பெயரைச் சொல்வதில்லை. அதனால் நான் சொல்கிறேன்.

பட்டறிந்தவற்றை சுவிஸ்காரர் பிரித்தானியருக்கு ஒளிக்காமல் சொல்லிக் கொடுத்தார்கள். மேலே விட்டுவந்த ஒட்சிசன் உருளைகளைத் தங்கள் கருவியில் பூட்டுவதற்கு பிரித்தானியர் இணைப்புகள் செய்துகொண்டு போனார்கள். 1953 மே 29 அன்று ஹிலரியுடன் உச்சியில் நின்ற டென்சிங்கின் கழுத்தில் இருந்தது லம்பேர் கொடுத்த சிவப்புச் சால்வை.

1956இல் அறக்கட்டளை அனுப்பிய குழு லோட்சேயை உலகில் முதன்முதலாக ஏறியது. சில நாட்களில் நான்கு பேர் எவரெஸ்ற்றிலும் ஏறினார்கள். சுவிஸ் நாடு கொண்டாடியது. ஆனால் அந்தப் பயணத்தில் மிகப் பயனுள்ள வேலையைச் செய்தவர் உச்சிக்குப் போகாத ஒருவர் என்பது என் எண்ணம். பிரிற்ஸ் முல்லர் என்ற பனியாற்று ஆய்வாளர் அவர். மலையேறிகள் வீட்டுக்குத் திரும்பிய பிறகும் அவர் மாதக்கணக்காக எவரெஸ்ற் அடிவாரமான கும்பு பகுதியில் தங்கி, பனியாறுகளை அளந்து படம் எடுத்தார். அவற்றில் ஒன்று லோட்சேயின் தெற்குப் பக்கம் கிடக்கும் இம்ஜா பனியாற்றின் படம். கல்லும் மண்ணும் மூடிய பனி, அதன்மேல் அங்கங்கே சிறு குட்டைகள். அந்தக் காலத்தில் அதைப் பார்த்து யாரும் வியந்திருக்க மாட்டார்கள்.

2007இல் அல்ரன் பயர்ஸ் என்ற அமெரிக்கப் புவியியலாளர் முல்லரின் படங்களோடு அங்கே போய், அவர் நின்ற இடங்களிலேயே நின்று மறுபடி படம் எடுத்தார். குட்டைகள் இருந்த இடத்தில் ஏறத்தாழ ஒரு சதுர கிலோமீற்றர் பரப்பில் ஓர் ஏரி! இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்தால் சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். பழைய படம் இல்லாவிட்டால், அந்த ஏரி எப்போதும் அங்கேதான் இருந்தது என்று யாரும் வாதாடலாம். 2016இல் நேபாள இராணுவம் ஒரு வாய்க்கால் வெட்டி ஏரியின் மட்டத்தை 3 மீற்றருக்கு மேல் இறக்கியது. கீழேயுள்ள ஊர்களுக்கு அதனால் கொஞ்சம் ஆறுதல்.

முல்லர் பிறகு சூரிச்சில் பேராசிரியராக இருந்து, உலகத்துப் பனியாறுகளையெல்லாம் பட்டியலிடும் வேலைக்குத் தலைமை தாங்கினார். 1980இல் ரோன் பனியாற்றில் களப்பணியில் இருக்கும்போதே இறந்தார்.

அறக்கட்டளை வரைபடங்களும் வெளியிட்டது. கார்வால், சிக்கிம் ஆகியவற்றின் வரைபடங்கள் 1:150,000 அளவில் வந்தன. 1990இல் காரகோரம் முழுவதுக்கும் ஒன்று வந்தது. எல்லைப் பகுதி என்பதால் அரசாங்க வரைபடம் கையில் கிடைக்காத இடங்கள் இவை. அங்கே நடக்கப் போகிறவர்கள் இந்தத் தாள்களைத்தான் தேடி வாங்கினார்கள்.

குறை சொல்லவும் இடம் உண்டு. 1950களில் மலைகளுக்குப் போன பணத்தில் பெரும்பங்கு நாட்டின் புகழுக்காகத்தான் போனது. சுமை தூக்கிய ஊர்களுக்குக் கூலிக்கு மேல் என்ன மிஞ்சியது என்று கேட்டால் பதில் சிறியது. நன்மையாக ஒன்றைச் சொல்லலாம். 1954இல் டென்சிங்கும் வேறு ஷேர்பாக்களும் இங்கே ரோசன்லவுயில், ஆர்னோல்ட் கிளாற்ஹார்ட் என்ற வழிகாட்டியிடம் பயிற்சி பெற்றார்கள். அதே வருடம் டார்ஜிலிங்கில் மலையேற்றப் பள்ளி தொடங்கியபோது களப்பயிற்சிக்கு டென்சிங்தான் தலைவர். பாடசாலைகளும் வைத்தியசாலையும் கட்டிக் கொடுத்தது ஹிலரி தொடங்கிய இன்னோர் அறக்கட்டளை.

டென்சிங் வளர்ந்த ஊர் கும்புவிலுள்ள தாமே. 2024 ஓகஸ்ற் 16 அன்று அந்த ஊருக்கு மேலே, ஒரு சிறிய பனியாற்று ஏரி உடைத்துக்கொண்டு வந்தது. ஆபத்தானவை என்று குறித்து வைத்திருந்த ஏரிகளின் பட்டியலில் அது இல்லை. வீடுகளையும் பாடசாலையையும் சுகாதார நிலையத்தையும் வெள்ளம் அடித்துப் போயிற்று. பகல் நேரம் என்பதால் சனங்கள் ஓடித் தப்பினார்கள். ஓர் உயிரும் போகவில்லை.